வளைகுடாக் கலைவிழாக்களும் பாலையில் நிற்பவன் குரலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், மூலக்கொத்தளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வளைகுடா நாடுகளில் வரவிருக்கும் கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள்’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. மூலக்கொத்தளத்தில் நின்றுகொண்டு துபாயிலும் தோகாவிலும் நடக்கும் விழாக்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வட்டாரத்தை அறிந்தவர்க்கு அவ்வையம் எழாது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இக்கரையில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் கற்றுக்கொடுத்த கைத்தொழிலைக் கொண்டு, வெல்டராகவும் பிட்டராகவும் கிரேன் ஓட்டுநராகவும் கடல் கடந்தவர் பலர். ஆகவே அங்கு நடக்கும் விழா ஒருவகையில் நம் வீட்டு விழா. அவ்விழாப் பந்தலில் நம் வீட்டுப் பிள்ளைக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே இன்று நான் கேட்க விரும்பும் கேள்வி.

முதலில் விழாக்களைக் காண்போம். நமக்கு மார்கழி இசைப்பருவம் இருப்பது போன்றே வளைகுடாவிற்கும் ஒரு கலைப்பருவம் உண்டு. அங்கே வெயில்தான் பஞ்சாங்கம். அக்டோபர் மாதம் தொடங்கி மார்ச்சு வரை காற்றில் சற்றே குளிர்ச்சி நிலவும் காலத்தில்தான் திறந்தவெளி அரங்குகள் உயிர்பெறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்பது அரசின் விதி. அவ்விதியின் காலம் முடிந்த சில வாரங்களில் விழாக்காலம் பிறந்துவிடுகிறது. உழைப்பவனுக்கு நிழல் தரும் விதியும் கலைஞனுக்கு மேடை தரும் நாட்காட்டியும் ஒரே கதிரவனைப் பார்த்து எழுதப்பட்டவை.

இலக்கிய வட்டத்தார் முதலில் அறிய விரும்புவது ஷார்ஜாப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையே எனலாம். 1982ஆம் ஆண்டில் ஷார்ஜாவின் ஆட்சியாளர் சேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி அவர்களின் முயற்சியால் தொடங்கப்பெற்ற அது, நவம்பர் மாதத்தை ஒட்டி நடைபெற்று வருவது. அவ்வாட்சியாளர் வரலாற்று நூல்களும் நாடகங்களும் எழுதியவர். ஒரு சிற்றரசின் தலைவர் புத்தகத்தைத் தம் நாட்டின் அடையாளமாக்க முனைந்தது, புலவரைப் போற்றிய நம் குறுநில மன்னர்களை நினைவூட்டுகின்றது. அதே ஷார்ஜாவில் 1993 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை ஓவிய, சிற்பப் பெருவிழா நிகழ்ந்து வருகிறது. பதினாறாவது விழா 2025 பிப்ரவரியில் தொடங்கிச் சூன் வரை நடந்தது. அம்முறைப்படி அடுத்தது 2027ஆம் ஆண்டிற்கு உரியது.

மசுகட்டில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அரச இசைநாடக அரங்கையும், முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திரையரங்கே இல்லாதிருந்த சவூதி அரேபியாவில் 2018 ஏப்ரலில் ரியாத்து நகரில் முதல் திரையரங்கு திறக்கப்பட்டதையும், 2019 முதல் ‘ரியாத்துப் பருவம்’ என்னும் பெயரில் குளிர்காலக் கேளிக்கை விழா தொடங்கப்பட்டதையும் விரைந்து சொல்லிச் செல்கிறேன். அவற்றுள் ஒன்றை மட்டும் சற்றே நின்று நோக்க வேண்டும். 2024 அக்டோபரில் ரியாத்தின் சுவைதி பூங்காவில், அந்நாட்டில் பணிபுரியும் அயல்நாட்டு மக்களின் பண்பாட்டு நாட்களை அரசே நடத்தியது. முதலில் இந்தியர்க்கு வாய்ப்பளிக்கப்பட்டது. வேலைக்கு வந்தவனிடம் ஆடலும் பாடலும் உண்டு என்பதை வேலை கொடுத்த நாடு மேடையேற்றி ஒப்புக்கொண்ட செய்தி அது. சிறிய செய்தியன்று.

தோகாவில் ஐ.எம். பெய் வரைந்த இசுலாமியக் கலை அருங்காட்சியகம் 2008ஆம் ஆண்டு முதல் கடலுக்குள் நிற்கிறது. அதே நகரில் 2025 நவம்பரில் ஓவியர் எம்.எப். உசேனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. இளமையில் பம்பாயில் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதிப் பிழைத்தவர் அவர். 2010இல் கத்தார் நாட்டுக் குடியுரிமையை ஏற்று, 2011இல் இலண்டனில் மறைந்தார். தட்டி எழுதிய கைக்கு அருங்காட்சியகம் எழுந்த ஊரில், இன்றும் சாரத்தின் மேல் நின்று வண்ணமடிக்கும் கைகள் ஆயிரமாயிரம் உள்ளன. அவற்றுள் எத்தனை உசேன்கள் உளர் என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

அபுதாபியில் சாதியாத்துத் தீவு. 2017இல் அங்கு லூவர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2025இன் இறுதியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சாயித் தேசிய அருங்காட்சியகமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பெற்றன. லூவரின் தொகுப்பில் நம் சோழர் காலத்து ஆடவல்லான் செப்புத்திருமேனி ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்று அமீரகத்தில் நிலையாகத் தங்க இசைவு பெற்றவர் அவர் ஒருவரே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மற்றவர்க்கு ஒப்பந்தம் முடிந்தால் திரும்பப் பயணச்சீட்டுத்தான்.

இத்தீவின் கட்டுமானத்தையொட்டி எழுந்த ஒரு வழக்கை இங்கு மறைக்கலாகாது. அங்கே அமையவிருந்த குக்கன்கைம் அருங்காட்சியகத்தின் பொருட்டு 2011 மார்ச்சில் உலகின் பல நாட்டுக் கலைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விடுத்தனர். கட்டடத் தொழிலாளரின் உரிமைகள் காக்கப்படாதவரை எங்கள் படைப்புகளை அங்கே வைக்க இசையோம் என்பது அதன் சாரம். கலைக்கூடத்தைக் கட்டுபவன் கலைக்கு வெளியே நிற்கிறானா, உள்ளே நிற்கிறானா என்னும் கேள்வியைக் கலைஞர்களே எழுப்பியது வரவேற்கத் தக்கது. ஆயினும் அங்கும் தொழிலாளிக்காகப் பிறர் பேசினரேயன்றித் தொழிலாளி பேசவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். என் உரையின் உயிர்நாடி இதுவே.

இனி இவ்விழாக்களில் தமிழ் எவ்வுருவில் தோன்றுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் மூன்று உருவங்கள். திரைப்பட நட்சத்திரங்களின் இரவு ஒன்று. மெல்லிசைக் கச்சேரி மற்றொன்று. பண்டிகை நாட்களில் பட்டிமண்டபம். தென்னிந்தியத் திரைப்படங்களுக்கான பன்னாட்டு விருது விழா 2012ஆம் ஆண்டில் தன் முதல் மேடையைத் துபாயில்தான் அமைத்தது. 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச்சு முடிய நடந்த துபாய் உலகப் பொருட்காட்சியில், ஏ.ஆர். இரகுமான் வழிகாட்ட மகளிர் மட்டுமே வாசிக்கும் ‘பிர்தௌசு’ இசைக்குழு அரங்கேறியது. பல நாட்டுப் பெண்கள் ஒரே அரங்கில் ஒத்திசைத்து வாசித்ததை நான் பெருமிதத்தோடே குறிப்பிடுகிறேன்.

நட்சத்திர இரவுகளைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர்க்கு அப்பழக்கம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் இரும்புக் கம்பி வளைத்தவன் ஏழாம் நாள் ஒரு சிரிப்புக்கும் ஒரு பாட்டுக்கும் ஏங்குவதில் இழிவென்ன இருக்கிறது? ஆனால் அம்மேடைகளில் அவன் என்றும் கீழே நின்று பார்ப்பவன். பயணச்சீட்டு வாங்கி இங்கிருந்து செல்பவர் மேலே இருப்பர். விமானத்தில் நான்கு மணிநேரம் பறந்துபோய், அங்குள்ளவனுக்கு அவனுடைய வாழ்க்கையைப் பற்றி நாம் பட்டிமண்டபத்தில் தீர்ப்புச் சொல்லித் திரும்புகிறோம். அவன் கைதட்டுகிறான். அவன் பேசினால் நாம் கைதட்டும் நாள் என்று வரும்?

இது நடவாத காரியமன்று. 2007ஆம் ஆண்டு முதல் துபாயில் தொழிலாளர் தங்கும் கேம்புகளுக்கிடையே இந்தித் திரைப்பாடல் போட்டி ஒன்று சில ஆண்டுகள் நடைபெற்றது. ‘கேம்ப் கா சேம்ப்’ என்பது அதன் பெயர். அப்போட்டியில் பாடியவர்களைப் பின்தொடர்ந்து மகமூது கபூர் என்னும் இயக்குநர் எடுத்த ஆவணப்படம் 2013 திசம்பரில் துபாய் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுத்துறங்குவோர், துவைத்துத் தொங்கவிட்ட துணிகளுக்கிடையே நின்று பாடிப் பழகுவதை உலகம் அப்போது கண்டது. எனினும் அவர்கள் பாடியவை பிறர் எழுதிய பாட்டுகள். தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடும் படி இன்னும் ஒன்று மேலே உண்டு.

அப்படியை ஏறிக் காட்டியவர்கள் நம் அண்டை வீட்டார். பகுரைனில் 1947ஆம் ஆண்டிலேயே கேரளீய சமாசம் தோன்றிவிட்டது. அபுதாபியின் கேரள சமூக மையத்தில் நடிகர் பரத் முரளி நினைவாக நாடகப் போட்டி நடத்தப்பெற்று வந்துள்ளது. நட்சத்திரங்களை வரவழைக்காமல், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகை பார்ப்பவர்களே மேடையேறும் போட்டி அது. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. சமீல் இயற்றிப் பாடிய ‘துபாய்க் கடிதப் பாட்டு’, பிரிந்திருக்கும் மனைவி கணவனுக்கு எழுதும் கடிதமாக அமைந்து மலபார்க் கரையெங்கும் ஒலித்தது. மனைவியின் உடலும் உள்ளமும் படும் பாட்டை ஒளிக்காமல் கேட்ட பாட்டு அது.

பின்னர் 2008இல் பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ வந்தது. பகுரைனில் பணிபுரிந்துகொண்டே அவர் எழுதிய புதினம். சவூதிப் பாலைவனத்து ஆட்டுக்கொட்டிலில் அடிமைபோல் கிடந்து மீண்ட ஒருவனின் பட்டறிவு அதன் அடிப்படை. 2009ஆம் ஆண்டின் கேரள சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு, 2024இல் திரைப்படமாகவும் ஆகிவிட்டது. அதைப் படித்துவிட்டு என்னிடம் பேசிய மாணவியர் பலர், இதுபோல் தமிழில் என்ன இருக்கிறது அம்மா என்று கேட்பர். நாகூர் ஆபிதீன் துபாயில் பணியாற்றிக்கொண்டே எழுதிய சிறுகதைகளை நான் சுட்டுவேன். எள்ளலும் துயரும் பிரிக்க முடியாதபடி கலந்த நடை அவருடையது. வேறு சிலரும் எழுதியுள்ளனர். ஆயினும் 2015ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, கடல் கடந்து வாழும் தமிழ்நாட்டார் ஏறத்தாழ 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பங்கினர் வளைகுடாவில் உள்ளனர். அத்தொகையோடு வைத்துப் பார்க்கையில் நம் எழுத்து மிகவும் மெலிந்து தெரிகிறது.

இம்மெலிவு நம் மொழிக்கு இயல்பானதன்று. பிரிவை இலக்கணமாக்கிய மொழி நம் மொழி. அகநானூற்று நானூறு பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலைத்திணைக்கு உரியவை. செம்பாதி நூலைப் பிரிவுக்கென்றே ஒதுக்கிய தொகுப்பாசிரியர், தம் காலத்துத் தமிழர் வாழ்வில் பிரிவு பெற்றிருந்த இடத்தை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். கல்லூரியில் பொருள்வயிற் பிரிவை நடத்தும்போது, உரையின் துணையின்றியே சில மாணவியர்க்கு அது விளங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். தம்மாமில் இருக்கும் தந்தையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டு வளர்ந்த பெண்ணுக்கு, சுரம் கடந்து சென்ற தலைவனைப் பற்றி ஆசிரியர் என்ன விளக்க வேண்டியிருக்கிறது?

துறைமுகத்தார் ஆகிய நமக்குப் பட்டினப்பாலை இன்னும் நெருக்கமானது. 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைப் பாடுகிறது. கடல்வழி வந்த குதிரைகளும் வண்டியில் வந்த மிளகு மூட்டைகளும் அத்துறையில் குவிந்திருந்தமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அத்தனை வளத்தையும் காட்டிவிட்டு, இந்நகரமே கிடைப்பினும் என் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் செலவைத் தவிர்ப்பதே பாட்டின் பொருள். செல்லாமல் இருப்பதற்கு உரிமை பெற்ற தலைவன் அவன். கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிவிட்ட நம் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா, கடல் கடந்து செல்லும் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்கிறது. உரையாசிரியர்கள் இதற்குப் பலவாறு பொருள் உரைப்பர். அவ்விவாதத்திற்குள் நான் புகவில்லை. ஆனால் அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமாயின் மாத ஊதியம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் இருத்தல் வேண்டும் என்று 2019இல் விதி திருத்தப்பட்டதைப் படித்தபோது எனக்கு அந்நூற்பாவே நினைவுக்கு வந்தது. கம்பி கட்டுபவனும் துப்புரவு செய்பவனும் அவ்வரம்பைத் தொடுவது அரிது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் மரபு விதித்த தடையை இன்று சம்பளச் சீட்டு விதிக்கிறது.

பாலைத்திணையின் சிறப்பு அது பிரிவைப் பாடியதில் மட்டும் இல்லை. யார் யார் வாயில் அப்பிரிவைப் பேசவைத்தது என்பதில் உள்ளது. காத்திருக்கும் தலைவி பேசுகிறாள். தோழி பேசுகிறாள். தாயும் பேசுகிறாள். இவையனைத்தினும் மேலாக, பாதி வழியில் வெயிலில் நின்றுகொண்டு, மேலே போவதா திரும்புவதா என்று தன் நெஞ்சோடு தானே வழக்காடும் தலைவன் பேசுகிறான். நம் காலத்து விழா மேடைகளில் காணாமற் போனது இந்த இடைச்சுரத்துக் குரல்தான். ஊரில் இருப்பவர்க்கு அவன் பணம் அனுப்புபவன். அங்குள்ளவர்க்கு அவன் அடையாள அட்டையில் ஓர் எண். அவனுடைய நெஞ்சு எங்கே பேசும்?

சங்கப் பாலையையும் நாம் கண்மூடிப் போற்றிவிடலாகாது. பாலை பாடிய பெருங்கடுங்கோ சேர மரபினர், அரசர். சுரத்தில் நடந்து கால் கொப்பளித்தவர் எழுதிய பாட்டு எது, மாளிகையிலிருந்து நினைந்து எழுதிய பாட்டு எது என்று நம்மால் பிரித்தறிய இயலாது. இரவல் குரல் அன்றும் இருந்திருக்கும். ஆயினும் அதே தொகை நூல்களில் அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இருக்கிறார். துணி விற்றவரும் பொன் உருக்கியவரும் தம் தொழிலின் பெயரை மறைக்காமலே புலவராய் நின்ற அவை அது. வெல்டர் ஒருவர் தம் தொழிலைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு கவிஞராக நிற்கும் தொகுப்பு நம்மிடம் இருக்கிறதா?

இவ்விடத்தில் ஒரு சான்றை உங்கள் முன் வைக்கிறேன். ஓமான் நாட்டின் தென்கரையில் கோர் ரோரி என்னும் இடத்தில் சும்குரம் என்ற பழந்துறைமுகம் ஒன்று இருந்தது. சாம்பிராணி வணிகத்திற்குப் பெயர்பெற்ற துறை. அங்கே இத்தாலிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டெடுத்த பானை ஓடு ஒன்றில் இருந்தது தமிழ்ப் பிராமி எழுத்து என்பது 2012இல் தெரியவந்தது. ‘ணந்தை கீரன்’ என்று அதனைப் படித்துள்ளனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் கருத்து. கீரன் என்பது சங்கத் தமிழர்க்கு மிகவும் பழகிய பெயர். அவன் வணிகனோ, கலத்தில் உடன்சென்ற ஏவலனோ, சமையற்காரனோ, நாம் அறியோம். அரேபியக் கரையில் நின்ற ஒரு தமிழன் தன் பெயரைத் தானே எழுதினான், அல்லது தன் பெயர் தன் மொழியில் எழுதப்படும்படி வாழ்ந்தான் என்பது மட்டும் தெரிகிறது. அரசன் வெட்டிய கல்வெட்டன்று, அடுக்களையில் புழங்கும் மட்கலம்.

கீரனுக்குப் பின் கடல் கடந்தவர் எத்தனையோ ஆயிரவர். அவர்களுள் ஒரு சாராரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1860 அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்நாளில் இன்றுள்ள துறைமுகம் கட்டப்படவில்லை. ஆட்களைக் கரையிலிருந்து மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகடந்து கப்பலில் சேர்ப்பர். நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த அக்கப்பலில் 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அம்மக்கள் கூத்தையும் கொண்டுசென்றனர். நாத்தாலில் அது வேரூன்றி, ஆங்கிலத்தில் ஆறடி ஆட்டம் என்று பொருள்படும் பெயரோடு இருபதாம் நூற்றாண்டிலும் ஆடப்பட்டது.

அங்கே கூத்து நிலைத்ததற்கும் வளைகுடாவில் நம் கலை நிலைக்காததற்கும் காரணம் வெளிப்படை. நாத்தாலுக்குச் சென்றவர்களுள் பலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர், பிள்ளை பெற்றனர், கோயில் கட்டினர். பெயரனுக்குத் தாத்தன் ஆட்டம் கற்பித்தான். வளைகுடாவிலோ குடியுரிமை இல்லை. பெரும்பாலோர்க்குக் குடும்பமும் உடன் இல்லை. முப்பதாண்டு உழைத்தவனும் வேலை முடிந்தால் திரும்பியாக வேண்டும். கற்பிக்கப் பெயரன் இல்லாத இடத்தில் கலை எப்படி வேர்பிடிக்கும்? ஆகவே வளைகுடாத் தமிழரின் இலக்கியத்திற்கு மேடை வளைகுடாவில் அமையும் என்று நாம் காத்திருப்பது பயனற்றது. அவன் திரும்பி வந்து இறங்கும் ஊரில்தான் அம்மேடை அமைய வேண்டும். இம்மூலக்கொத்தளத்தில்தான் அமைய வேண்டும் என்று நான் துணிந்து சொல்வேன்.

துணிவுக்குக் காரணம் உண்டு. இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939 சனவரியில் மறைந்த நடராசனும், மார்ச்சில் மறைந்த தாளமுத்துவும் இம்மண்ணில்தான் துயில்கின்றனர். அவர்கள் புலவர்கள் அல்லர், எளிய மக்கள். மொழிக்கு உரியவர் யார் என்னும் கேள்விக்கு இவ்வூர் அன்றே விடை எழுதிவிட்டது. மேலும், இறந்தவரைச் சுற்றி இரவெல்லாம் அமர்ந்து பாடும் கானாவை வளர்த்தவை நம் பகுதித் தெருக்களே. சாவு வீட்டுப் பாட்டு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட அக்கானா, 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் மேடையில் ஏறியது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவிலும் ஒலித்தது. இகழப்பட்ட ஒரு வடிவம் சபையேறுவதற்கு நூறாண்டு தேவையில்லை, அழைப்பவர் சிலர் இருந்தால் போதும் என்பதை நாம் கண்முன் கண்டுவிட்டோம்.

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்க்கென ஒரு கவிதைப் போட்டி தொடங்கினர். வங்காளதேசத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருந்த சாகிர் உசேன் கோகன் அதில் முதற்பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு அப்போட்டி தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரிந்தது. அதை நடத்தத் தொடங்கியவர்கள் சில தனிமனிதர்களே. நம் வட்டத்தின் அளவுதான். நம் அரசு 2022 முதல் சனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. அதனையொட்டிப் பொங்கல் விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வருவோரும் உளர். அவ்வாரத்தில் நம் கூட்டம் ஒன்று அவர்களுக்கென அமையலாம். தலைமையுரை வேண்டா, வாழ்த்துரை வேண்டா. வந்தவர் பேசட்டும், அல்லது பாடட்டும், அல்லது பேசாமல் அமர்ந்திருக்கட்டும். என்னைப்போன்றவர் கீழே அமர்ந்து குறிப்பெடுப்போம்.

எழுதவராதே என்று தயங்குவோர் இருப்பர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி இசைவு பெற வேண்டும் என்னும் முறை வகுக்கப்பட்டது. அதாவது, படிப்புக் குறைந்தவரே மிகுதியாகச் சென்றனர் என்பது அரசுக்கே தெரிந்திருந்தது. அவர்கள் எழுதவில்லை, பேசினார்கள். 1980களில் கடிதத்திற்கு மாற்றாகக் குரலைப் பதிவுசெய்து ஒலிநாடாக்களை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. பர்மா பசாரில் வாங்கிய டூ-இன்-ஒன் பெட்டியைச் சுற்றி வீடே அமர்ந்து அந்தக் குரலைக் கேட்கும். பிறகு மறுபக்கத்தில் அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புபவர் கையில் கொடுத்தனுப்புவர். தலைவி கூற்றும் தலைவன் கூற்றும் ஒரே நாடாவின் இரு பக்கங்களில் அமைந்த தொகைநூல் இது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்நாடாக்களில் சில, 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்குப் படை குவைத்துக்குள் புகுந்தபின் வந்தவையாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் பாலைவனம் கடந்து அம்மான் சேர்ந்து, ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பிய காலம் அது. அவர்களுள் இன்று எழுபதைக் கடந்தவர் பலர். அவர்களுடைய வாய்மொழி எங்கும் பதிவாகாமல் போனால் அதை நமக்கு வேறொருவர் எழுதித் தர மாட்டார். 2024 சூன் 12 அன்று குவைத்தின் மங்காபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து, 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்து விமானம் கொச்சிக்கு வந்ததே, அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டார். செய்தித்தாள்களில் அவர்களின் பெயரும் ஊரும் வந்தன. அவர்கள் வார இறுதியில் எதைப் பாடினர், எதைப் படித்தனர், யாருக்கு என்ன சொல்லி வைத்தனர் என்பது வரவில்லை.

ஆதலால் வட்டத்தின் செயலர் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் கிடக்கும் ஒலிநாடாக்களைக் கேட்டுப் பெற வேண்டும். வீட்டார் இசைந்தால் மட்டும் படியெடுத்து, மூல நாடாவை அவர்களிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். அதில் கணவன் மனைவியர்க்கு உரிய பேச்சு இருக்கும், ஆகவே முதலில் அவ்வீட்டுப் பெண்களே கேட்டு, எதைத் தரலாம், எதைத் தரலாகாது என்று முடிவு செய்யட்டும். இப்பணிக்கு எம் கல்லூரி மாணவியர் சிலரை நான் அனுப்பிவைக்கிறேன். நாடாவை இயக்கும் பழைய பெட்டி ஒன்று வேண்டும், பழுது பார்ப்பவர் இப்பகுதியில் இன்னும் இருப்பின் தெரிவியுங்கள். கடற்கரைக் காற்றில் நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முதல் சுற்றை முடித்துவிடுவது நல்லது.